பத்து நாளைக்குத் தம்பியை யாரிடம் விடுவது?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அம்மா இறந்தபின் ஒன்பது வருடமாக நான்தான் பார்க்கிறேன். மகளின் பிரசவத்துக்குப் பத்து நாள் கொழும்பில் நிற்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாயும் தம்பியின் அடையாள அட்டையும் தந்தால் கண்டியில் ஒரு 'ஹோமில்' இடம் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (தலவாக்கலை வாசகி)

பதில்: அட்டையைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கைமாறிய பிறகு அவற்றை மீட்கப் பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒழுங்காக நடக்கும் இடமென்றால் நடத்துபவரே உங்களிடம் பேசுவார், படுக்கும் அறையைக் காட்டுவார், மாத்திரை யார் கொடுப்பது என்று சொல்வார், பற்றுச்சீட்டு எழுதுவார். இடையில் கமிஷன்காரர் எதற்கு? "வந்து பார்க்க வேண்டாம், நான் பொறுப்பு" என்பவரிடம் ஒரு ரூபாயும் நீட்டாதீர்கள்.

பார்த்துக்கொள்கிறவர் மூச்சுவிடுவதற்கென்று அரசாங்கம் கட்டில் ஒதுக்கவில்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநல வார்டு நோய் முற்றியவருக்கு. புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கிளினிக் வைத்தியரின் கடிதம் வேண்டும். அங்கே மாதக்கணக்கில் தங்கவைத்துப் பழக்குவார்கள். 1873இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தை வைத்தே இத்தனை காலம் ஓட்டிய நாடு இது. நோயாளியை எப்படி உள்ளே அனுப்புவது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய தோட்டக் கூலியை, விட்டுக் கிளினிக் வரிசையில் நிற்கும் அக்காவைப் பற்றி அதில் என்ன இருக்கிறது?

ஆகவே, தம்பியை இடம் மாற்றாமல் ஆளை வீட்டுக்கு வரவழையுங்கள். பழகிய லயத்து அறையும் பழகிய சாப்பாடும் அவருக்குப் பாதி மருந்து. இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று இரண்டு உறவினர் போதும். நீங்கள் போவதற்கு முன்பே இரண்டு இரவு அவர்களைத் தங்கவைத்துப் பாருங்கள். இன்றே கிளினிக் வைத்தியரிடம் தேதியைச் சொல்லுங்கள். மாத ஊசி போடுகிறவரென்றால் அது அந்தப் பத்து நாளுக்குள் விழாதபடி பார்ப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தவறக்கூடாது. கிளினிக் கொப்பியில் 'குளோசபின்' என்று எழுதியிருக்கிறதா? இரத்தம் பரிசோதித்துக் கொடுக்கும் மாத்திரை அது. இரண்டு நாளுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக்கூடாது. "விட்டதையும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்று நல்லெண்ணத்தில் யாராவது செய்தால் மயக்கம் வரலாம், இரத்த அழுத்தம் விழலாம், இதயமும் பாதிக்கப்படலாம். வைத்தியர்தான் சிறு அளவிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பனடோலோடு விட்டுவிடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனைத் தேதி நீங்கள் இல்லாத நாளில் வருகிறதா என்பதையும் பாருங்கள். தம்பி இந்த மாத்திரை குடிக்காவிட்டால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கதவின் உள்பக்கம் ஒரு தாளில் மாத்திரை நேரம், உங்கள் இலக்கம், 1926, 1990 எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். 1990 இலவச அம்புலன்ஸ். அந்தத் தாளையே தம்பிக்கும் வாசித்துக் காட்டி, எந்த நாள் திரும்பி வருவீர்கள் என்பதை அவர் கையாலேயே அதில் எழுதச் சொல்லுங்கள்.