ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொள்வது ஏன்?

கேள்வி: எனக்கு 43 வயது. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை. இரண்டு சிசேரியன், அப்புறம் கர்ப்பப்பை ஆபரேஷனும் ஆயிற்று. அடிக்கடி அடிவயிறு சுண்டி இழுக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. குடல் ஒட்டியிருக்கலாம், அது எதிர்ப்பு சக்தி செய்கிற வேலை என்கிறார் டாக்டர். எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை உண்டா? ஆபரேஷன் செய்து பிரித்துவிடலாமா?

பதில்: மாத்திரை யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். பழைய ஒட்டலைக் கரைக்கும் மாத்திரை இல்லை. எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் தொற்றுதான் சுலபமாக வரும்.

டாக்டர் சொன்னது சரிதான். குடலையும் வயிற்றுச் சுவரையும் ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒரு தோல் வருமே, பார்க்க அது மாதிரி; ஆனால் ஈரமாக வழுவழுவென்று இருக்கும். கத்தி பட்டாலோ, வயிறு திறந்திருக்கும்போது காய்ந்தாலோ உறை புண்ணாகிறது. அங்கே ஃபைப்ரின் என்ற பசை படிகிறது. சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி தெரியாதா? வெந்ததைக் கிளறாமல் ஆறவிட்டால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். குடல் மடிப்புகளும் அப்படித்தான். சில நாளில் உடம்பே பசையைக் கரைத்துவிட்டால் தொல்லையில்லை. கரையாவிட்டால் அதற்குள் நார் வளர்ந்து கயிறாகிவிடும். ரத்தக்குழாயும் நரம்பும்கூட ஓடும்.

இதில் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்களின் பங்கு பெரிது. வயிற்றுக்குள் இருக்கும் கொஞ்ச நீரில் இவை எப்போதும் மிதக்கின்றன. 2021-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். சின்னக் காயமென்றால் இந்த செல்கள், ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகளைப் (பிளேட்லெட்) போல ஒன்றுகூடி அடைத்து, ஆற வைக்கின்றன. ஆபரேஷன் அளவுக்குக் காயம் பெரிதானால் அளவு மீறித் திரண்டு, ஒட்டலுக்கே வழி செய்கின்றன. திரள்வதைத் தடுத்தபோது எலிகளுக்கு ஒட்டல் குறைந்தது. எனக்கு இது மிகவும் நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அது புதிதாக ஒட்டாமல் தடுக்கும் வழி. உங்களுக்கு உள்ளது பழையது.

வலிக்காக மட்டும் மறுபடி வயிற்றைத் திறக்கச் சொல்ல மாட்டேன். பிரித்த இடமும் புதுக் காயம்தானே, அதே செல்கள் மறுபடி அங்கே வரும். ஒட்டல் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அதனால் சினைப்பைக் கட்டி, சிறுநீரகக் கல் போன்ற வேறு காரணம் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் அசட்டை வேண்டாம். வலி விட்டுவிட்டு முறுக்கி, வாந்தி எடுத்து, வயிறு உப்பி, காற்றும் மலமும் நின்றுபோனால் குடல் அடைத்திருக்கலாம். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதுவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு, விடிந்ததும் இறங்கலாம் என்று காத்திருக்காமல் ராத்திரியே சேலத்துக்கு வாருங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளைக் கையோடு எடுத்து வாருங்கள். பார்க்கிற சர்ஜன் முதலில் அதைத்தான் கேட்பார்.