கேள்வி பதில்: “ராத்திரியும் ஒழுகுது!”

பத்து வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்புறம் ஒன்பது வருடம் என் மகளையும் மகனையும் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தேன். முதல் வேலையில் கற்றதில் பாதியை இரண்டாவது வேலையில் மறக்க வேண்டியிருந்தது. பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதங்களில் சில:

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 8 வயது. ஒரு வருடமாக வீட்டில்தான் படிக்கிறாள். அளப்பது, விதை போடுவது, கட்டையில் ஆணி அடிப்பது, அட்டையில் ஏதாவது செய்வது என்று தினமும் கைக்கு வேலை கொடுக்கிறேன். சந்தோஷமாகச் செய்கிறாள். ஆனால் சாயங்காலம் “இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே?” என்று கேட்டால் முழிக்கிறாள். இதெல்லாம் வெறும் விளையாட்டாகவே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தச் சாயங்காலக் கேள்வியை நிறுத்துங்கள். உங்களை யாராவது தினமும் அப்படிக் கேட்டால் நீங்களும் முழிப்பீர்கள்.

உங்கள் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கையால் செய்தாலே படிப்பு ஆகிவிடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் மகளும் அட்டையில் சூரியக் குடும்பம் செய்தோம். வெட்டினோம், வண்ணம் அடித்தோம், நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த வாரம் “இதில் சனி எது?” என்று கேட்டேன். “மினுக்குத் தாள் ஒட்டினதுதானே?” என்றாள். அன்றைக்கு அவள் படித்தது வானியல் இல்லை. பசை காய இருபது நிமிஷம் ஆகும் என்பதைத்தான். அதுவும் ஒரு அறிவுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது இன்னொரு நாள். எங்கள் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வாஷர் மாற்ற ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மகனுக்கு அப்போது 9 வயது. “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வீணாப் போகும்னு நினைக்கிறே?” என்றேன். “ரெண்டு டம்ளர்” என்றான், யோசிக்காமல். சரி, எழுதி வை என்றேன். 200 மில்லி டம்ளரைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தான். ஐந்தாவது நிமிஷம் அலுத்துப்போய் எழுந்துவிட்டான். ஆனால் நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஓடி ஓடி வந்துகொண்டே இருந்தான். நிரம்ப 40 நிமிஷம் ஆனது. பென்சிலை எடுத்தான். 12 மணி நேரத்துக்கு 720 நிமிஷம், 40-ஆல் வகுத்தால் 18 டம்ளர். 3 லிட்டர் 600 மில்லி. “அம்மா, மூணரை லிட்டருக்கு மேல!” என்று ஒரே கூச்சல்.

ஒரு நாளைக்கு 12 மணி நேரமா? எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு கணக்கு டீச்சருக்கு எவ்வளவு கஷ்டம் என்று இன்னொரு கணக்கு டீச்சருக்குத்தான் தெரியும். எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன்.

ராத்திரி பத்தரை இருக்கும். விளக்கை அணைத்துப் படுத்தாயிற்று. வீடு அடங்கிய பிறகு அந்தச் சொட்டுச் சத்தம் தனியாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. “அம்மா! ராத்திரியும் ஒழுகுது!”

36 டம்ளர். 7 லிட்டர் 200 மில்லி. அதோடு விட்டானா? வருடத்துக்கு எவ்வளவு என்று தெரியாமல் தூங்கமாட்டேன் என்று விளக்கைப் போட வைத்தான். 2,628 லிட்டர். நாள் என்பது 24 மணி நேரம் என்று அவன் நூறு தடவை சொல்லியிருப்பான். அன்றைக்குத்தான் அது அவனுக்கு நிஜமாகத் தெரிந்தது.

அட்டைக் கிரகங்களுக்கும் இந்தக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்? குழாய் நிஜமாகவே ஒழுகியது. அதைவிட முக்கியம், அவன் முன்கூட்டியே ஒரு பதில் சொல்லி மாட்டிக்கொண்டான். ரெண்டு டம்ளர் என்று எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் 36 அதிர்ச்சியாக இருக்கும். நான் நேராக “36 டம்ளர் வீணாகிறது, பார்” என்றிருந்தால் “ஓ” என்று சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பான். தப்பு அவனுடையது, கண்டுபிடித்ததும் அவனே. என் பங்கு ஒரு கேள்வியும் ஒரு மௌனமும்தான்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் ஆரம்பித்த பள்ளியில் குழந்தைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். அனுபவத்தின் வழியாகக் கல்வி என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய அவரே 1938-ல் எழுதும்போது, எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைப் படித்தது மினுக்குத் தாள் சம்பவத்துக்குப் பிறகு.

உங்கள் மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘நினைச்சது’, வலது பக்கம் ‘நடந்தது’. விதை போடும்போது எத்தனை நாளில் முளைக்கும் என்று இடது பக்கம் எழுதட்டும். முளைத்த விதையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் வேர் எந்தப் பக்கம் போகும் என்று எழுதட்டும். (மேலே போகும் என்று பெரும்பாலான குழந்தைகள் சொல்வார்கள். வேர் வளைந்து மறுபடி கீழேதான் போகும். என் மகன் மூன்று தடவை திருப்பி வைத்து அந்த விதையைப் படாத பாடு படுத்தினான்.) ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள், என்ன கற்றாள் என்று அவளைக் கேட்க வேண்டியிருக்காது.

அட்டைக் கிரகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். பூமியை 1 செ.மீ. மணியாக வைத்தால் சூரியன் கிட்டத்தட்ட 109 செ.மீ. அகல வட்டமாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே 117 மீட்டர் இடைவெளி வேண்டும். நாங்கள் பிறகு ஒரு திறந்தவெளியில் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தை நடந்தே பார்த்தோம். என் மகள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, “இன்னுமா வரலை?” என்றாள்.

கேள்வி: என் 5 வயது மகன் உயரமான ஒல்லி டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்று அடம் பிடிக்கிறான். அவன் கண் முன்னாலேயே அகலமான டம்ளரிலிருந்து அதில் ஊற்றிக் காட்டினேன். அப்போதும் ‘இதுலதான் நிறைய’ என்கிறான். புத்தி மந்தமோ?

பதில்: இல்லவே இல்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதையே சோதனையாகச் செய்து பார்த்துப் புகழ் பெற்றவர். அந்த வயதுக் குழந்தை உயரம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும், அகலம் கண்ணில் படாது. 7 வயது வாக்கில் தானாகத் தெளியும். விளக்கம் சொல்லிப் புரிய வைக்க முடியாது. குளிக்கும்போது நாலைந்து விதப் பாத்திரங்களைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். அதுவரை ஒல்லி டம்ளரில் கொடுங்கள், அதிகம் கிடைத்த திருப்தி அவனுக்கு.

கேள்வி: 13 வயது மகன். சின்ன வயதில் வீட்டு வேலைகளை வைத்தே கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது அல்ஜீப்ரா வந்துவிட்டது. அன்றாட வாழ்க்கையில் அல்ஜீப்ராவுக்கு எங்கே போவேன்?

பதில்: எங்கேயும் போக வேண்டாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இதைச் சொன்னால் வீட்டில் படிக்க வைக்கும் சிலருக்கு என் மேல் கோபம் வரும். ஆனால் பயிற்சிக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதை நூலாலும் ஆணியாலும் ஈடுகட்ட முடியாது. வாசலைத் திறந்துவிடத்தான் கை வேலை உதவும்.

எங்கள் வாசல் ஒரு ஊசல். மகளுக்கு 13 வயதில் ஒரு நூலின் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினோம். முடிச்சிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. லேசாக இழுத்து விட்டு, போய்த் திரும்புவதை ஒன்று என்று எண்ணினால் பத்து ஆட்டத்துக்குச் சரியாகப் பத்து விநாடி. இன்னொரு நட்டையும் பக்கத்திலேயே கட்டினால்? “கனம் கூடினா வேகமா ஆடும்” என்று நோட்டின் இடது பக்கம் எழுதினாள். அதே பத்து விநாடிதான். நான் எண்ணியது தப்பு என்று சண்டைக்கு வந்தாள். மறுபடி எண்ணினோம், பத்துதான். சரி, நூலை இரண்டு மடங்காக்கினால் இருபது விநாடி ஆகும் என்று எழுதினாள். 50 செ.மீ. வைத்தோம். 14.

இந்த 14 அவளைத் தூங்கவிடவில்லை. 100 செ.மீ. வைத்தபோதுதான் இருபது வந்தது. நேரம் இரண்டு மடங்காக, நூல் நாலு மடங்காக வேண்டியிருக்கிறது. அப்படியானால் நூல் இரண்டு மடங்கானால் நேரம் எத்தனை மடங்கு? தன்னாலேயே பெருக்கினால் 2 வரும் எண் எது என்று கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே இருந்தாள். 1.4 கொஞ்சம் குறைகிறது, 1.5 அதிகம், 1.41 கிட்ட வருகிறது... வர்க்கமூலம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து மூன்று வாரம் புத்தகமும் பென்சிலும்தான், முணுமுணுப்போடு. ஊசல் இல்லாமல் அந்த மூன்று வாரம் ஓடியிருக்காது. அந்த மூன்று வாரம் இல்லாவிட்டால் ஊசல் ஒரு வேடிக்கையாகவே நின்றிருக்கும்.

கேள்வி: ஹோம்ஸ்கூலிங், அன்ஸ்கூலிங் என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

பதில்: வீட்டில் படிக்க வைப்பது எல்லாமே ஹோம்ஸ்கூலிங்தான், கால அட்டவணை போட்டு நடத்தினாலும் சரி. பாடத்திட்டமே இல்லாமல் குழந்தையின் ஆர்வம் போகும் வழியில் போவது அன்ஸ்கூலிங். பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1970-களில் பரப்பிய சொல். நான் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றேன். திங்கள்கிழமை ஒரு பக்கம், வியாழக்கிழமை மறுபக்கம்.

கேள்வி: சட்டப்படி இது சரியா? எங்களுக்கு வேலை விஷயமாக நாடு மாற வேண்டி வரலாம்.

பதில்: நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும் விஷயம் இது. இங்கிலாந்துச் சட்டம் குழந்தைக்குக் கல்வி ‘பள்ளியிலோ, வேறு விதமாகவோ’ கிடைக்க வேண்டும் என்கிறது, அந்த ‘வேறு விதமாக’ என்பதில்தான் வீட்டுக் கல்வி நிற்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம், விதிவிலக்கு அபூர்வம். பெட்டி கட்டுவதற்கு முன் போகும் இடத்துச் சட்டத்தைப் படியுங்கள். பள்ளியில் சேராமல் பொதுத்தேர்வு எழுத அங்கே வழி இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள், பலர் இதைப் பிள்ளைக்கு 15 வயது ஆனபின் கேட்கிறார்கள்.

கேள்வி: ஏழரை வயதாகிறது, இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறான். ‘தானாக வரும், காத்திரு’ என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கும்போது சும்மா இருக்கக் கூடாது. படிப்பு சில குழந்தைகளுக்குத் தாமதமாக வரும், உண்மைதான். ஆனால் கண் பார்வையும் காது கேட்பதும் சரியா என்று பரிசோதித்தீர்களா? ‘கல்’ என்ற சொல்லில் முதல் ஓசையை மாற்றி ‘பல்’ சொல்ல வருகிறதா? ஓசைகளைப் பிரிக்கவே சிரமப்பட்டால் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். அது சோம்பலோ புத்திக் குறைவோ இல்லை, முறையாகச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே படிப்பார்கள். சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது. இந்த மாதமே ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். இரவில் நீங்கள் படித்துக் காட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்குப் பொறுமையே இல்லை அக்கா. நேற்று ஒரு கழித்தல் கணக்குக்காகக் கத்திவிட்டேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் இதற்கு லாயக்கில்லையோ?

பதில்: மேஜைக்கு அடியில் நோட்டோடு போனாள் அல்லவா? நோட்டை வீசிவிட்டுப் போயிருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

எல்லாவற்றையும் பாடம் ஆக்காதீர்கள். ஒருமுறை துணி மடிக்கும்போது “இதைப் பாதியா மடிச்சா என்ன பின்னம்?” என்று ஆரம்பித்தேன். “அம்மா, இது வேலையா, பாடமா? ஒண்ணைச் சொல்லு” என்றாள் மகள். வேலைதான் என்றேன். பேசாமல் மடித்து முடித்தோம், நன்றாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் எதுவும் சொல்லிக் கொடுக்காமல் இருந்து பாருங்கள், உங்கள் தொண்டைக்கும் ஓய்வு.

என் முதல் வருடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுவரில் வெள்ளைப் பலகை, எட்டு பீரியட் அட்டவணை, மேஜை மேல் ஒரு பித்தளை மணி. ஒன்பது மணிக்கு மணி அடித்து இரண்டே மாணவர்களுக்கு ‘வகுப்பு’ நடத்தினேன். ஆறாவது வாரம் மணியைக் காணவில்லை. இரண்டு பேரையும் உருட்டி மிரட்டிப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை. மணி இல்லாமல் பீரியட் எப்போது முடிகிறது என்று எனக்கே தெரியாமல் போய், அட்டவணையும் மெல்லக் கழன்றுகொண்டது. ஏழு வருடம் கழித்து வீடு மாறும்போது பழைய ஷூ டப்பா ஒன்றிலிருந்து அந்த மணி வந்தது. சத்தம் வரக் கூடாது என்று நாக்கில் ஒரு சாக்ஸைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.