ஏற்காடு ஏற எத்தனை கியர் வேண்டும்?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தினமும் சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டிக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறார், மாதம் ஒரு ஞாயிறாவது ஏற்காடு ஏற ஆசை. இருப்பது 26 இஞ்ச் சக்கரம் போட்ட 21 கியர் சைக்கிள். முன்னால் 42, 34, 24 பல் என்று மூன்று பல்சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு. முன் கியரை மாற்றினாலே செயின் கழன்றுவிடுவதால் நடுவில் இருக்கும் 34-லேயே வைத்து ஓட்டுகிறார், நாலாவது கொண்டை ஊசி வளைவுக்குள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. 28,000 ரூபாயில் 24 கியர் சைக்கிள் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறாராம் கடைக்காரர். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஏற்றத்தில் உதவுவது கியர் எண்ணிக்கை இல்லை, பல் எண்ணிக்கை. முன்னால் இருக்கும் பல்லைப் பின்னால் இருக்கும் பல்லால் வகுத்துப் பாருங்கள், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்று போகும் என்பது வந்துவிடும். அந்த எண் குறையக் குறைய மிதிப்பது லேசாகும். உங்கள் 21 கியரில் 42-20 (முன்னால் 42, பின்னால் 20) போட்டால் 2.10, 34-16 போட்டால் 2.12. இரண்டையும் கால் பிரித்து அறியாது, ஆனால் அட்டையில் இரண்டு கியராக எண்ணிக் காசு வாங்குகிறார்கள். அந்த 24 கியரிலும் பின்னால் பெரிய பல் 28 தான் என்றால் நீங்கள் அதே நாலாவது வளைவில்தான் நிற்பீர்கள். பெட்டியில் கியர் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் பல் எண்ணிக்கையை ஒரு மூலையில்கூடப் போடுவதில்லை. விற்பவருக்கே தெரிவதில்லை, கேட்டால் 'அதெல்லாம் கம்பெனி செட்டிங் சார்' என்று முடித்துவிடுகிறார். இத்தனை வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீங்களே எண்ணிவிடுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ஒரு சுற்று எண்ணினால் ஒரு நிமிஷ வேலை.

இப்போது 34-28 போட்டு ஏறுகிறீர்கள், 1.21. நிமிஷத்துக்கு 60 மிதி (பெடல் 60 முழுச் சுற்று) மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். சேலம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த 9 கிலோமீட்டரை விடாமல் பிடிக்கப் பழகாத காலால் முடியாது, அதனால்தான் மிதி கனக்கிறது. பின்னால் 14 முதல் 34 பல் வரை உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் (பின் சக்கரத்தில் திருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து) போடுங்கள். 34-க்கு 34, சரியாக 1. அதே மிதிக்கு வேகம் ஏழரையை ஒட்டி இறங்கிவிடும், மூச்சும் அவ்வளவாக வாங்காது. கீழே ஊருக்குள் 34-14 போட்டால் 80 மிதிக்கு மணிக்கு 24 கிலோமீட்டர், சூரமங்கலம் டிராஃபிக்கில் அதற்கு மேல் எங்கே போகப் போகிறீர்கள்? கியர் லீவரை மாற்ற வேண்டியதில்லை. பின் டீரெயிலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் கருவி) 34 பல் தாங்குமா என்று மட்டும் மாடல் எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தாங்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். மொத்தமாகப் பார்த்தாலும் அந்த 28,000-இல் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

செயினையும் கூடவே மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயின் புதுப் பல்லில் உட்காராமல் குதிக்கும். நீளம் பழைய செயின் அளவுக்கே இருக்கட்டும், ஆனால் அந்த நீளத்தில் முன்னால் 42, பின்னால் 34 என்று ஒரு தடவை விழுந்தாலும் டீரெயிலர் பிய்ந்துகொண்டு வரும். அதனால் முன் டீரெயிலரில் எச் (H) என்று பொறித்திருக்கும் திருகை உள்ளே முடுக்கி 42-க்குச் செயின் போகாதபடி பூட்டச் சொல்லுங்கள். 24 இருக்கட்டும். கால் ஓய்ந்த நாளில் அடிவாரத்தில் நிறுத்தி, முன் கியருக்கான இடது லீவரைத் தட்டி, கையால் செயினை அதில் எடுத்துப் போட்டுவிட்டு ஏறுங்கள். ஓடும்போது இடது லீவரைத் தொடவே வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் ரொம்ப கவனம். மேலே சொன்னது திருகி மாட்டும் ஃப்ரீவீல் இருக்கும் சக்கரத்துக்கு. சில ஏழு கியர் சைக்கிளில் பின்னால் கேசட் இருக்கும், அது ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) செருகி லாக் ரிங் போட்டு இறுக்குவது. ஒன்றில் மற்றது ஏறவே ஏறாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கடையிலேயே குழம்புவார்கள். பின் சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டுவதற்கு வரிவரியாக வெட்டு இருக்கும், அதையே பாருங்கள். பல்லோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட், பல் மட்டும் சுற்றி அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். கேசட்டாக இருந்தால் ஏழு கியர் கேசட் என்றே கேட்டு வாங்குங்கள், அதிலும் பெரிய பல் 34 இருக்கிறதா என்று கேளுங்கள். இதைப் பார்க்காமல் போனால் 'ஹப் செட் ஆகாது சார், முழு வீலும் மாற்றணும்' என்பார்கள். என்னிடம் வரும் சைக்கிள்களில் அப்படி அநியாயமாக வாங்க வைத்த வீல்களை நிறையப் பார்த்துவிட்டேன், கழற்றின பழைய வீல் நல்ல நிலையில் கடையிலேயே தங்கிவிடும். எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், ஏறினால் அதே 20 வளைவும் இறங்க வேண்டும். ஃப்ரீவீல் மாட்டும் அன்றைக்கே பிரேக் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள்.