பையன் பொறுப்பாயிட்டான், சந்தோஷப்படலாமா?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒன்பது வயது மகன் என்னோடு இருக்கிறான். முன்பு அவ்வளவு சேட்டை, இப்போது தண்ணீர் பிடித்து வைக்கிறான், ராத்திரி கதவு பூட்டியிருக்கிறதா என்று அவனே போய்ப் பார்க்கிறான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. போன வாரம் அவன் பையில் பள்ளிச் சுற்றுலாச் சீட்டு கசங்கிக் கிடந்தது, 600 ரூபாய் கட்டச் சொல்லி. தேதியும் முடிந்துவிட்டது. கேட்டால் "எனக்குப் போகப் புடிக்கலம்மா" என்கிறான். புரிந்து நடந்துகொள்கிறான் என்று நிம்மதியாக இருக்கலாமா? அவனாகக் கேட்காதவரை அப்பா பேச்சை எடுக்காமல் இருப்பதுதானே நல்லது?

பதில்: இல்லைம்மா, நீங்கள்தான் எடுக்க வேண்டும். அவன் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் மறந்துவிட்டது அல்ல. கேட்டால் அம்மா முகம் மாறிவிடும் என்று தெரிந்துவைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் விவாகரத்தான குடும்பங்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச் சிக்கல்கள் இருந்தன, பெற்றோர் சேர்ந்திருந்த வீடுகளில் அது 10 சதவீதம். ஆபத்து கூடுதல்தான், பூசி மெழுக விரும்பவில்லை, ஆனால் நாலில் மூன்று பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். அந்த ஊர் நிலவரம் வேறு, நம்ம ஊர் வேறு என்றாலும், அப்பா கூட இல்லை என்பதாலேயே பிள்ளை கெட்டுப்போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சேட்டை பண்ணுகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் ஆலோசனைக்கு ஓடிவருவார்கள், அடக்கமாகிவிட்ட பிள்ளையை யாரும் கூட்டி வருவதில்லை, பக்கத்து வீடு வரைக்கும் பாராட்டு வேறு. உங்கள் மகனிடம் இரண்டு விதப் பொறுப்பு கலந்து கிடக்கிறது. தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போய் வருவது, தட்டைக் கழுவி வைப்பது எல்லாம் வேலை, தாராளமாகச் செய்யட்டும், நல்லதும்கூட. கதவைப் பார்ப்பதும் சீட்டைக் கசக்கி உள்ளே தள்ளியதும் அந்த ரகம் இல்லை. அது கவலை. 600 ரூபாயை அம்மாவிடம் கேட்கலாமா வேண்டாமா என்று அவனே கணக்குப் போட்டு, அவனே வேண்டாம் என்று தீர்ப்பும் சொல்லி, உங்களுக்குத் தெரியாமலே முடித்துவிட்டான். ஒன்பது வயதில் அது அவன் சுமக்க வேண்டிய கணக்கு இல்லை.

அதனால் காசைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் முடிவு உங்கள் கையில் இருப்பது தெரிகிற மாதிரி. "டூர் சீட்டு, நோட்டு, எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட குடு. முடியும், முடியாதுன்னு நான் சொல்றேன். சில சமயம் முடியாதுன்னும் சொல்லுவேன், அதுக்கு நீ ஒண்ணும் நினைச்சுக்கக் கூடாது." கதவையும் அவன் பார்க்கும் முன் நீங்களே பூட்டிவிட்டு, "அம்மா பூட்டிட்டேன், நீ படு" என்று தினமும் சொல்லுங்கள். தடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

அப்புறம் இந்தச் சொந்தக்காரர்கள். "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவைப் பார்த்துக்கணும்." பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பையன் அதை அப்படியே உத்தியோகமாக எடுத்துக்கொள்கிறான். அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால் அவன் எதிரிலேயே, "இல்லீங்க, அவன் சின்னப் பையன், நான்தான் அவனைப் பார்த்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இனி அப்பா விஷயம். நேருக்கு நேர் உட்காரவைத்து ஆரம்பிக்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, கண்ணைப் பார்க்க வேண்டியிராத நேரத்தில் பேசினால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். "அப்பா ஞாபகம் எனக்கும் வரும், உனக்கும் வரும்ல? வந்தா என்கிட்ட சொல்லலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்." அவன் "ம்" என்று விட்டால் நீங்களும் விட்டுவிடுங்கள், சில நாள் கழித்து வேறொரு பேச்சில் திரும்ப வரலாம். ஒன்றை மட்டும் அவன் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்: "நானும் அப்பாவும் பிரிஞ்சது பெரியவங்க பிரச்சினை. நீ சேட்டை பண்ணதால இல்ல." சேட்டைக்காரப் பையன் ஒரேயடியாக அடங்கிப்போனதை வைத்துப் பார்த்தால், பழி தன்மேல்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் அப்படி நினைப்பது சகஜம்.

கோபத்தில் "அப்படியே உங்கப்பன் புத்தி" என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அதை நிறுத்திவிடுங்கள். அவரை மோசமானவர் என்று சொல்லிவிட்டு, நீ அவரேதான் என்றால் பிள்ளை என்ன செய்வான்? அதே நேரம் அவரைப் பற்றி நல்லதாகப் புனையவும் வேண்டாம், அவர் சார்பில் "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா போன் பண்ணுவாரு" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

நீங்கள் அழுவதை அவன் பார்த்திருப்பான். பார்க்காத மாதிரி நடிப்பதைவிட, "அழுகை வந்துச்சு, சித்திகிட்ட பேசினேன், இப்ப பரவாயில்ல" என்பது மேல். அம்மாவைத் தேற்ற வேறு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவன் தோள் பாரம் இறங்கும்.

அப்பா இடத்தில் இன்னொரு ஆணைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். தேவையில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்த உளவியலாளர் எம்மி வெர்னர், கஷ்டமான வீட்டிலிருந்தும் நன்றாக வந்த பிள்ளைகளுக்கு நம்பிக்கையான ஒரு பெரியவராவது இருந்ததைக் கண்டார். அது பாட்டியாக, டீச்சராகக்கூட இருக்கலாம். உங்கள் பக்கம் தாய்மாமன் இருந்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு கிரவுண்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், படுக்கையில் சிறுநீர் போனால், காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தால், விளையாட்டே விட்டுப்போனால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். செத்துப்போகணும் என்கிற மாதிரி பேசினால் அன்றைக்கே. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பையன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள், அதிலிருந்தும் தொடங்கலாம்.