‘ஐ ஆம் குட்’ என்றால் டீயை ஊற்றாதீர்கள்

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள், இன்னொரு டீ தரட்டுமா என்றதற்கு அமெரிக்க விருந்தாளி ‘ஐ ஆம் குட்’ என்றார், நீங்கள் ஊற்றியதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதானே? அந்த இடத்தில் குட் என்றால் ‘போதுங்க, வேண்டாம்’. வெடுக்கென்று ‘நோ’ சொல்லத் தயங்கி இப்படிச் சொல்வார்கள். இதையே ‘ஹவ் ஆர் யூ’ என்று நீங்கள் கேட்டபிறகு சொன்னால் நலம் என்று அர்த்தம், குழம்பவே வேண்டாம். அப்புறம், தேக்கடியில் படகுக்கு ‘எ குட் டூ அவர்ஸ்’ காத்திருந்தோம் என்று யாராவது வந்து சொன்னால் பொழுது நன்றாகப் போனதாக நினைத்துவிடாதீர்கள், முழுசாக 2 மணி நேரம், அதற்கு மேலேயும் இருக்கும், அலுத்துப்போய்ச் சொல்கிறார். நாமும் ‘நல்ல அடி’ என்கிறோமே! சந்தேகம் வந்தால் கெட்டிலைக் காட்டி ‘யெஸ் ஆர் நோ?’ என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.