பெற்றோரோடு ரோம்: சைவச் சாப்பாடு கிடைக்குமா, முழங்கால் தாங்குமா?

மார்ச்சில் பெற்றோருடன் நான்கு நாள் ரோம் போகிறோம், அவர்கள் சைவம், எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு எழுபதை ஒட்டிய வயது, படி ஏறினால் முழங்கால் வலிக்கும், ஊறுகாயும் பருப்புப் பொடியும் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். என் அம்மா அப்படித்தான். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அம்மாவை ரோமுக்கு அழைத்துப் போகிறேன் என்றதும் ஒரு டிராவல்ஸில் சொன்னார்கள்: "குரூப் டூர்ல போங்க சார், தினமும் இந்தியன் டின்னர் இருக்கும். தனியா போனா அம்மா பட்டினிதான்." அது உண்மை இல்லை. ரோமின் சாதாரண மக்களின் சமையலில் கீரை, பூண்டு, தக்காளி, மிளகாய், ஆலிவ் எண்ணெய்க்குப் பஞ்சமே கிடையாது. எதைக் கேட்டு வாங்குவது என்று மட்டும் தெரிய வேண்டும்.

பென்னே அர்ராபியாத்தா என்ற பாஸ்தா கேளுங்கள். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், எண்ணெய், அவ்வளவுதான். அம்மா முதல் வாயிலேயே நம்ம தக்காளித் தொக்கு மாதிரி இருக்கே என்றார்கள். மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரேகானோ மட்டும். சிக்கோரியா என்ற கீரையை வேகவைத்துப் பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கித் தருவார்கள். அது கிடைத்த இடத்தில் எல்லாம் வாங்கினோம்.

சீஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். கார்போனாரா, அமாத்ரிச்சானா என்ற பாஸ்தாக்களில் பன்றி இறைச்சி இருப்பது பலருக்குத் தெரியும். சைவம் என்று நம்பிச் சாப்பிடும், சீஸும் மிளகும் போட்ட காச்சோ எ பெப்பே பாஸ்தாவில் போடும் பெக்கொரினோ ரொமானோ சீஸ், செம்மறிக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைப்பது. "அவ்வளவெல்லாம் பார்த்தால் வெளிநாடே போகக் கூடாது" என்று யாராவது சொல்ல வருவீர்கள். நீங்கள் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எழுபது வருடம் ஒரு விரதமாகக் காத்ததை அம்மா தெரியாமல் இழக்கக் கூடாது. தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். "செந்த்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்றால் சீஸ் இல்லாமல் தருவார்கள்.

வாடிகன் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சைவம்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பொரித்த பூசணிப் பூ கொண்டுவந்து வைத்தார்கள். நான் முதலில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே நெத்திலி. அங்கே அந்தப் பூவுக்குள் மொட்சரெல்லா சீஸோடு நெத்திலியும் வைப்பது வழக்கமாம். சரி, வழக்கம் என்றால் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே? புந்தாரெல்லே என்ற கீரை சாலட்டிலும் அதே நெத்திலிதான். "அலீச்சி" என்ற சொல்லை மெனுவில் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

எங்களுக்கு மனசு நிறைந்த சாப்பாடு பழைய யூதர் குடியிருப்பில், போர்த்திகோ தொத்தாவியா என்ற பழைய ரோமானிய மண்டபத்தின் பக்கம் கிடைத்தது. 1555இல் போப் நான்காம் பவுல் யூதர்களை மதிலுக்குள் அடைத்து வைத்த பகுதி அது. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே சமையலில் சேரக் கூடாது. அதனால் அங்கே பால் வகை கோஷர் உணவகம் என்றால் இறைச்சி வரவே வராது. மீன் மட்டும் இருக்கலாம். ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காயை முழுசாக எண்ணெயில் இரண்டு தடவை பொரித்து, பூ மாதிரி விரித்துத் தருவார்கள். கார்ச்சோஃபி அல்லா ஜூதியா என்று பெயர். மார்ச் அதற்குச் சரியான பருவம். கோஷர் கடைகள் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை மூடியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். பல தேவாலயங்கள் நண்பகலுக்கு மேல் பூட்டி, மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். பல உணவகங்கள் மூன்று மணிக்கு மூடி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். காலையில் ஒரே பகுதியைப் பார்த்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டு, அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மேல் வெளியே வாருங்கள். இடையில் பசித்தால் கத்தரியால் வெட்டி எடைபோட்டு விற்கும் பீட்சாக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருக்களில் நசோனி என்ற இரும்புக் குழாய்களில் நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் ஓடும்.

கொலோசியம், வாடிகன் அருங்காட்சியகம் இரண்டுக்கும் அதிகாரப்பூர்வத் தளத்தில் முன்பதிவு செய்யுங்கள். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம். அன்று கூட்டம் பெரியவர்களுக்கு ஆகாது. நடக்க முடியாதவர்களுக்கு அங்கே சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். பேதுரு பேராலயத்துக்கு அனுமதி இலவசம், ஆனால் கோபுரம் மொத்தம் 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 படி ஏற வேண்டும். அம்மா கீழேயே மைக்கலாஞ்சலோவின் பியத்தா சிலை முன்னால் நின்றுவிட்டார்கள். மகனை மடியில் கிடத்திய தாய். என்னை அருகில் வரக்கூட விடவில்லை.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் எங்கள் சொந்தக்காரர்கள், "அவர் போனபிறகு இவளுக்கு என்ன ஊர் சுத்தல்" என்று அம்மா காதில் விழும்படியே பேசினார்கள். அப்பா இருந்த காலத்தில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர் அம்மா. அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இப்படிப் பேசலாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். பெற்றோரை அந்தப் பேச்சுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ரோம் தெருக்கள் கருங்கல் பாவியவை, மேடுபள்ளம் அதிகம். செருப்பு வேண்டாம், இப்போதே நல்ல ஷூ வாங்கிக் கொடுத்து நடக்கப் பழக்குங்கள்.