தண்ணீர் ஊற்றிய மெத்தை மறுபடி புகைந்தது ஏன்?

கேள்வி: மாமனார் இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தபடியே சிகரெட் பிடிப்பார். போன வாரம் கங்கு விழுந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினோம், அணைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி புகை. எப்படி?
(வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: அணையவே இல்லை. இலவம்பஞ்சு இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு, தண்ணீர் ஒட்டாது. கடலில் மிதக்கும் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் முன்பு இதைத்தான் அடைத்தார்கள்! நீங்கள் ஊற்றியது உறையை நனைத்துவிட்டு வழிந்திருக்கும். பஞ்சுக்குள் இருக்கும் காற்றே போதும், கங்கு சுடரில்லாமல் மணிக்கணக்கில் பக்கவாட்டில் ஊர்ந்து போகும்.

தீச்சுடர் தெரிந்தாலோ அறையில் புகை சூழ்ந்தாலோ எதையும் தொடாதீர்கள். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள். ஓட்டையில் மட்டும் லேசாகப் புகைந்தால், வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சோப்புத்தூள் கரைத்து ஊற்றுங்கள். சோப்பு கலந்தால்தான் பஞ்சு நனையும். பிறகு ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் உறையைக் கிழித்து, கருகிய பஞ்சையும் அதையொட்டிய நல்ல பஞ்சையும் இடுக்கியால் எடுத்து வாளிக்குள் அமுக்குங்கள். மிதக்க விடக் கூடாது. புகையும் மெத்தையைப் படிக்கட்டில் இழுத்துப் போகாதீர்கள்; காற்றுப் பட்டால் குப்பென்று பிடிக்கும், வாசலில் சிக்கினால் வழியும் அடைபடும். புகை முழுக்க நின்றபின் வெட்டவெளியில், சுவரை ஒட்டாமல் ஒரு நாள் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஃபோம் மெத்தைக்கு மாறினால் போதுமா?

பதில்: ஃபோம் பெரும்பாலும் சிகரெட் சூட்டில் உருகிச் சுருங்கி விலகிவிடும். மேலே பருத்தி விரிப்போ போர்வையோ இருந்தால் கதை வேறு: பருத்தி கனன்று ஃபோமைச் சூடேற்றும். சுடர் பிடித்துவிட்டால் சில நிமிடங்களில் அறையே போய்விடும். புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். அமெரிக்காவில் 1973 முதல் மெத்தை மேல் எரியும் சிகரெட்டை வைத்துச் சோதிக்கிறார்கள்; அதிலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் கருகினால் தோல்வி. இரண்டு விரிப்புகளுக்கு நடுவே வைத்தும் சோதிப்பார்கள். மூடிய இடத்தில் சூடு வெளியேறாது. தலையணை இடுக்கும் அப்படித்தான்.

கேள்வி: பீடி தானாக அணைந்துவிடுமே, ஆபத்து குறைவுதானே?

பதில்: இழுக்காவிட்டால் அணையும், உண்மை. சிகரெட் காகிதத்தில் சிட்ரேட் உப்பு சேர்ப்பதால் அது கடைசிவரை எரியும். ஆனால் பீடியிலிருந்து உதிரும் கங்கு பஞ்சில் விழுந்தால் பீடி அணைந்தும் பயனில்லை. கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் நாற்காலி, ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் கிண்ணம், மாமனாருக்கு இந்த இரண்டும் போதும். கிண்ணத்தைக் காலையில் கொட்டினால் போதும், குப்பைக்கூடையில் இரவே கொட்ட வேண்டாம்.